ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த தமிழர்களிடம் பேசினால், பலர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஊரில் இருந்தபோது ஜெர்மன் மொழியின் பி1 தேர்வை மளமளவென்று முடித்தார்கள். லைப்சிக் வந்த முதல் வாரத்திலேயே பி2 புத்தகமும் வாங்கிவிட்டார்கள். பிறகு கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட், மருத்துவமனையில் இரவுப் பணி, பல்கலைக்கழகத்தில் வகுப்பு என்று ஏதோ ஒன்று நேரத்தைப் பிடித்துக்கொண்டது. புத்தகம் மூன்றாம் பாடத்தோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் பதில் இதுதான்: "மனசு வரமாட்டேங்குது."

மனசு வந்த பிறகு படிப்போம் என்ற இந்த வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கொஞ்சம் படிக்கிறோம். அது பிடிபடுகிறது. மறுநாள் வேலையிடத்தில் பயன்படுகிறது. அதற்குப் பிறகுதான் மேலும் படிக்க மனம் வருகிறது. சுய ஊக்கம் பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் அது இல்லையே என்று வருந்திக்கொண்டிருப்பார்கள். அதை ஓர் ஏற்பாடாகப் பார்ப்பவர்கள் இன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஏற்பாட்டில் என்னென்ன வேண்டும்? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து மூன்றைச் சொன்னார்கள். இது நானே தேர்ந்தது என்ற உணர்வு, எனக்கு இது வருகிறது என்ற நம்பிக்கை, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பிணைப்பு. இவை மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் தானாக நிலைக்கிறது. ஒன்று அறுந்தாலும் தளர்கிறது.

1409-லேயே பல்கலைக்கழகம் கண்ட ஊர் லைப்சிக். இந்த மூன்றையும் தாங்களாகவே அமைத்துக்கொண்டு கற்றவர்கள் பலர் இந்த ஊரோடு தொடர்புடையவர்கள். அவர்களிடமிருந்து நம் அன்றாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடியவற்றைப் பார்ப்போம்.

1. உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும்

ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. லைப்சிக்கில் 1997-ல் தொடங்கப்பட்ட மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். நியாண்டர்தால் மனிதனின் மரபணுத் தொகுதியை இவருடைய குழு 2010-ல் வெளியிட்டது.

இந்தப் பயணம் யாரும் கொடுத்த வேலையாகத் தொடங்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் அவர் முனைவர் பட்ட மாணவர். ஆய்வுத் தலைப்பு வைரஸ் பற்றியது. மனத்தில் இருந்ததோ பழைய எகிப்து. மம்மிகளில் டிஎன்ஏ மிஞ்சியிருக்குமா என்று அறிய விரும்பினார். உடனே மம்மியைத் தேடி ஓடவில்லை. கடையில் ஈரல் வாங்கி, ஆய்வுக்கூட அடுப்பில் நாள்கணக்கில் உலரவைத்து, அதில் டிஎன்ஏ தங்குகிறதா என்று முதலில் பார்த்தார். வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரியாமல், வைரஸ் ஆய்வையும் கைவிடாமல், ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது. மம்மி பற்றிய கட்டுரை 1985-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. மம்மியிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் இக்கால மனிதரின் டிஎன்ஏ கலந்திருக்கக்கூடும் என்பது பின்னாளில் புலப்பட்டது. அதனால் அவர் துறையை விட்டுப் போகவில்லை. கலப்பைத் தவிர்க்கும் முறைகளை வகுக்கவே பல ஆண்டுகள் உழைத்தார். சொந்தக் கேள்வி என்பதால்தான் அந்தப் பின்னடைவைத் தாங்க முடிந்தது.

சென்னையில் ஜெர்மன் படித்தவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் தெரிந்த இடம். அந்தப் பெயருக்கு உரியவரும் லைப்சிக் மாணவர்தான். 1841-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கிரேக்கமும் லத்தீனும் படித்துக்கொண்டிருந்தவர், ஹெர்மன் பிராக்ஹவுஸ் நடத்திய சமஸ்கிருத வகுப்பில் போய் அமர்ந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த பணிக்கு அந்த வகுப்பே வித்து.

நீங்கள் செய்ய வேண்டியது: "பி2 முடிக்க வேண்டும்" என்பது தேர்வு வாரியத்தின் இலக்கு. அதை உங்கள் இலக்காக மாற்றி ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். செவிலியர் என்றால், "ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஊபர்காபேயில் என் நோயாளியின் நிலையை யார் உதவியும் இல்லாமல் நானே சொல்ல வேண்டும்." பொறியாளர் என்றால், "திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஆட்சேபத்தையாவது ஜெர்மனில் எடுத்துவைக்க வேண்டும்." பாபோவின் ஈரல் சோதனையைப் போல, அந்த இலக்கை ஒரு வாரத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய சின்ன வேலை ஒன்றையும் கீழே எழுதுங்கள்.

2. சம்பள உயர்வு மட்டும் இழுக்காது

"நான் விசாவுக்காகத்தான் படிக்கிறேன், சம்பளத்துக்காகத்தான் படிக்கிறேன், அது தவறா?" என்று கேட்பீர்கள். தவறே இல்லை. குடும்பத்தைத் தாங்கும் காரணம் அது. ஆனால் அது ஒன்றையே நம்பாதீர்கள். 1971-ல் டெசி கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகள் கொடுத்தார். ஒரு பகுதியினருக்குப் புதிரை முடித்தால் பணம். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைக் கையில் எடுக்கும் ஆர்வம் அவர்களிடம் குறைந்தது.

வெளியிலிருந்து வந்த காரணத்தை நம்முடையதாக ஆக்கிக்கொள்ள முடியும் என்பதையும் டெசியும் ரையனும் வலியுறுத்தினார்கள். நிரந்தர வதிவுரிமைக்காகத் தொடங்கிய ஜெர்மன், பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரோடு நேரடியாகப் பேசும் நாளில் உங்களுடையதாகிவிடுகிறது. ஆகவே சம்பளம், விசா என்ற காரணங்களுக்குப் பக்கத்தில் உங்கள் வாழ்க்கையைத் தொடும் இன்னொரு காரணத்தையும் எழுதி வையுங்கள். சோர்வான வாரங்களில் தாங்கிப் பிடிப்பது அந்த இரண்டாவது காரணம்தான்.

3. படிக்க வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்

தத்துவ அறிஞரும் கணித மேதையுமான லைப்னிட்ஸ் 1646-ல் லைப்சிக்கில் பிறந்தார். தந்தை பல்கலைக்கழகப் பேராசிரியர். மகனுக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். சில ஆண்டுகளில் தந்தையின் நூலகம் சிறுவனுக்குத் திறந்துவிடப்பட்டது. படம் போட்ட ஒரு ரோமானிய வரலாற்று நூலை வைத்துக்கொண்டு, படத்தையும் அதன் கீழிருந்த வரிகளையும் ஒப்பிட்டு ஒப்பிட்டே லத்தீன் கற்றார். 1666-ல் லைப்சிக் பல்கலைக்கழகம் சட்ட முனைவர் பட்டம் தர மறுத்தபோது மனம் உடைந்து உட்காரவில்லை. ஆல்ட்டார்ஃப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் பெற்றார்.

எல்லோருக்கும் அப்பாவின் நூலகம் வாய்ப்பதில்லை. அந்தக் குறையைப் போக்க முயன்ற ஊரும் லைப்சிக்தான். ரெக்லாம் பதிப்பகம் 1867-ல் இங்கே மலிவுப் பதிப்பு வரிசையைத் தொடங்கியது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நூல்கள். 1912 முதல் அந்த நூல்களைக் காசு போட்டு எடுத்துக்கொள்ளும் தானியங்கி இயந்திரங்களும் வந்தன. அதே 1912-ல்தான் ஜெர்மன் மொழியில் அச்சாகும் நூல்களையெல்லாம் சேகரிக்கும் நூலகம் லைப்சிக்கில் நிறுவப்பட்டது. இன்று அது ஜெர்மன் தேசிய நூலகத்தின் ஓர் இருப்பிடம். நூல்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, வாசிப்பறையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். வீட்டில் படிப்பு ஓடாதவர்களுக்கு அதுவே நல்லது. வில்ஹெல்ம் லாய்ஷ்னர் சதுக்கத்தில் நகர நூலகம் இருக்கிறது. மாநகராட்சியின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்னும் பெரியோர் கல்வி நிலையத்தில் மொழி முதல் கணக்குப்பதிவு வரை மாலை வகுப்புகள் நடக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: புத்தகத்தை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, நாளை படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் வையுங்கள். ஃபோனின் முதல் திரையில் யூடியூபுக்குப் பதிலாகச் சொற்பட்டியல் செயலி இருக்கட்டும். தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் குறையக் குறைய, தொடங்கும் நாட்கள் கூடும்.

4. தனியாகப் படிக்காதீர்கள்

சுய ஊக்கம் என்றதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பவர்தான் பலருக்கு நினைவில் வருகிறார். ஜெர்மன் தொழிலாளர் தலைவர் ஆகஸ்ட் பேபெலின் வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். கடைசல் தொழில் கற்றுக்கொண்டு, வேலை தேடி ஊர் ஊராக அலைந்து 1860-ல் லைப்சிக் வந்தார். பகலெல்லாம் பட்டறை. மறு ஆண்டு தொழிலாளர் கல்விச் சங்கத்தில் சேர்ந்தார். தொழிலாளர்கள் வேலை முடிந்த பிறகு கூடிப் படித்த, சொற்பொழிவு கேட்ட, விவாதம் செய்த இடம் அது. 1865-ல் அவரே அதன் தலைவர். 1867-ல் வட ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர். 1872-ல் லைப்சிக்கில் நடந்த தேசத் துரோக வழக்கில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஹுபெர்டுஸ்புர்க் கோட்டையில் தோழர் வில்ஹெல்ம் லீப்னெக்ட்டும் உடன் இருந்தார். நன்கு படித்தவரான லீப்னெக்ட் அங்கே ஆசிரியரானார், பேபெல் மாணவரானார். ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்தக் கோட்டைக்குள் நடந்த பாடங்கள். பெண் விடுதலை பற்றி 1879-ல் அவர் வெளியிட்ட நூல் பல மொழிகளுக்குப் போனது.

பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலத்தில், லூயிஸ் ஓட்டோ பீட்டர்ஸ் 1865-ல் இதே லைப்சிக்கில் அனைத்து ஜெர்மன் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். பெண்களின் கல்வியும் உழைக்கும் உரிமையும் அதன் முதல் கோரிக்கைகள். கதவு திறக்கக் காத்திராமல், பெண்கள் கூடிக் கற்கும் வழியைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

இது நமக்கும் புதிதல்ல. தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் நூலக வளாகத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாடு வந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு துணையைத் தேடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். உங்கள் மொழியைக் கற்க விரும்பும் ஜெர்மானியர் கிடைத்தால் டாண்டெம் முறையில் பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் உங்கள் மொழி. கிடைக்காவிட்டால் உடன் வேலை செய்யும் தமிழரோ சிரியரோ வியட்நாமியரோ போதும். உங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஜெர்மன் மட்டுமே என்றால் இன்னும் நல்லது.

5. மறந்துபோவதைக் கண்டு மலைக்காதீர்கள்

பெரியவர்கள் படிப்பை விடுவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. "நேற்றுப் படித்தது இன்றைக்கு நினைவில் இல்லை, எனக்கு இனிமேல் ஏறாது" என்ற முடிவு. இந்த முடிவு தவறு என்று காட்டிய நூல் 1885-ல் லைப்சிக்கில் வெளியானது.

1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்றே ஆய்வுக்கூடம் தொடங்கினார். உலகில் இத்தகைய முதல் கூடமாக அதைச் சொல்வார்கள். அதே காலத்தில், அந்த 1885 நூலை எழுதிய ஹெர்மன் எபிங்ஹவுஸ் ஆய்வுக்கூடமோ உதவியாளரோ இல்லாமல், தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு நினைவாற்றலை அளந்துகொண்டிருந்தார். பொருளில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். இடைவெளி விட்டு மறுபடி கற்பார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கும் மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழிந்த பிறகும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. முதலில் வேகமாகச் சரியும் மறதி பிறகு மெல்ல மெல்ல நிதானிக்கிறது.

அவர் கண்ட இன்னொன்று வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு மிக முக்கியம். ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, தினமும் சிறிது நேரம் படிப்பது உழைப்பை மிச்சப்படுத்தும்.

நீங்கள் செய்ய வேண்டியது: இன்று கற்ற சொற்களை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று திரும்பப் பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

6. பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட் ஒன்று உங்களுக்கும் வேண்டும்

ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேரும் இளைஞர்கள், பணியிடத்திலும் தொழிற்பள்ளியிலும் என்ன கற்றார்கள் என்பதைத் தொடர்ந்து எழுதிவர வேண்டும். பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட் என்று சொல்லும் அந்தப் பதிவேடு இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி கிடையாது. பயிற்சி பெறுபவர்கள் இதைச் சுமையாக நினைப்பதுண்டு. ஆனால் தாம் வளர்ந்திருப்பதைத் தம் எழுத்திலேயே காட்டும் சான்று அது.

வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கும் அந்தச் சான்று தேவை. வளர்ச்சி மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை, கண்ணில் படாததால் ஊக்கம் வடிகிறது. வார முடிவில் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் புதிதாக எதைச் செய்ய முடிந்தது, எங்கே தடுமாறினேன், அடுத்த வாரம் எதை முயல்வேன். மாதம் ஒருமுறை ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசி ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறு யார் பாராட்டும் தேவைப்படாது.

7. முப்பத்தைந்து வயதில் தமிழகப் பயணம்

"இனிமேல் என்ன படிப்பு" என்று சொல்பவர்கள் கார்ல் கிரவுலை நினைத்துக்கொள்ளட்டும். லூத்தரன் மிஷனின் இயக்குநர் அவர். அந்த மிஷன் 1848-ல் அவர் தலைமையில்தான் லைப்சிக்குக்கு இடம் மாறியது. தரங்கம்பாடி வட்டாரத்தில் இன்றும் லைப்சிக் மிஷன் என்ற பெயர் பழக்கமானது. தலைமை நாற்காலியில் இருந்தவர் அறிக்கைகளைப் படித்தே நிர்வாகத்தை நடத்தியிருக்கலாம். 1849-ல், 35 வயதில், இந்தியாவுக்குக் கிளம்பினார். 1853 வரை நீண்ட அந்தப் பயணத்தில் தமிழை ஆழ்ந்து கற்றார். திரும்பிய பின் தமிழ் நூல்களின் வரிசையை வெளியிட்டார். அதில் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856-ல் வந்தது. லத்தீன் மொழிபெயர்ப்பு, 1864-ல் அவர் மறைந்த பிறகு, 1865-ல் வந்தது.

ஒரு ஜெர்மானியர் நடுவயதில் நம் மொழிக்குள் அவ்வளவு தூரம் வர முடிந்தது என்றால், பத்தாண்டு அனுபவமுள்ள தமிழ்ப் பொறியாளர் ஜெர்மன் மொழிக்குள் போக முடியாதா? முடியும். பெரிய பொறுப்பில் இருப்பவர் மறுபடி தொடக்கநிலை மாணவராக இருக்கச் சம்மதிப்பதுதான் முதல் படி.

8. சோர்ந்த நாளுக்கு முன்கூட்டியே திட்டம்

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் எளிய உத்தி ஒன்றை ஆராய்ந்தார். "தினமும் படிப்பேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போடுபவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு அதிகம். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்கள் கடிகாரத்தை நம்ப முடியாது. ஆகவே நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள். "டிராமில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு உரையாடல் கேட்பேன்." "காபி போட்டதும் பத்துச் சொற்களைப் பார்ப்பேன்." "இரவு ஷிஃப்ட் என்றால் ஐந்து சொற்கள் மட்டும்."

ஒரு பழக்கம் படிய எவ்வளவு நாளாகும்? லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு நேரவில்லை என்பதும் தெரிந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடருங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் படிக்க முயல வேண்டாம்.

9. அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்

நன்றாக வேலை செய்தால் மேலாளரே கவனித்து வாய்ப்புத் தருவார் என்று நம் ஆட்கள் பலர் மௌனமாக இருக்கிறார்கள். ஜெர்மன் பணியிடங்களில் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல நிறுவனங்களில் ஆண்டுதோறும் மேலாளரோடு தனி உரையாடல் உண்டு. வைட்டர்பில்டுங், அதாவது மேற்பயிற்சி பற்றிக் கேட்க அதுவே சரியான இடம். எந்தப் பயிற்சி, எத்தனை நாள், அதனால் குழுவுக்கு என்ன பயன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் வாராந்தரக் குறிப்பிலிருந்து இரண்டு உதாரணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மேலாளராக இருந்தால், ஆட்களுக்கு உற்சாகப் பேச்சு கொடுப்பதற்கு முன் மூன்றைக் கொடுங்கள். எதைக் கற்பது என்பதில் கொஞ்சம் தேர்வு. எது சரியாக வந்தது என்று குறிப்பாகச் சொல்லும் பாராட்டு. வேலை நேரத்திலேயே படிக்க ஒரு சிறு இடைவெளி.

10. ஊக்கத்துக்கும் எல்லை உண்டு

எல்லாவற்றையும் தனிமனித ஊக்கத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இரண்டு வேலை பார்ப்பவருக்கு, கைக்குழந்தையோடு தனித்திருப்பவருக்கு, குளிர்கால இருட்டில் முதல் ஆண்டைக் கழிப்பவருக்கு நேரமும் தெம்பும் உண்மையிலேயே குறைவு. அவர்கள் இலக்கைச் சுருக்கிக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. படிப்பில் மட்டுமல்லாமல் எதிலுமே ஆர்வம் இல்லாமல் வாரக்கணக்கில் போனால், தூக்கமும் பசியும் மாறினால், அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்னும் குடும்ப மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். உதவி கேட்பதும் உங்களை நீங்களே பார்த்துக்கொள்வதில் ஒரு பகுதிதான்.

இந்த வாரமே தொடங்க

திங்கள்: உங்கள் இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.
செவ்வாய்: படிக்க வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.
புதன்: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு முடிச்சு போடுங்கள்.
வியாழன்: ஒரு துணைக்குச் செய்தி அனுப்பி, கிழமையும் நேரமும் குறியுங்கள்.
வெள்ளி: திங்கள் முதல் படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள்.
சனி: துணையோடு அரை மணி நேரம்.
ஞாயிறு: மூன்று வரிக் குறிப்பு. பிறகு நிம்மதியான ஓய்வு.

இதில் எதற்கும் மனசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் இப்படியே போகட்டும். அதற்குள் கூட்டத்தில் நீங்களாக ஒரு வாக்கியம் பேசியிருப்பீர்கள். அந்த வாக்கியம் அடுத்த வாக்கியத்தைப் பேசும் துணிவைத் தரும்.